பஹீஜாவின் வீட்டை எட்டிப் பார்த்த மினாரா

பெரிய பள்ளிவாசலின் மினாரா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பஹீஜாவின் வீட்டுப் பக்கமாக இன்னும் ஒரு முழம் குனிந்திருந்தது. அன்றைக்கு மோசூல் சந்தையில் வெங்காயம் மலிந்து கிடந்தது. சின்ஜாரிலிருந்து வரும் அத்திப்பழம் மட்டும் கை வைக்க முடியாத விலை. மினாரா குனிந்ததை முதலில் பார்த்தவள் எதிர்வீட்டு உம்மு கானிம். அவள் பார்க்காமல் அந்த மொஹல்லாத் தெருக்களில் பூனைகூடக் குட்டி போட்டதில்லை. வாசல் கழுவ வந்தவள் அண்ணாந்து பார்த்து, கையிலிருந்த செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "பஹீஜா, உன் ஆளு இன்னிக்கு இன்னும் கிட்ட வந்திருக்கான் பாரு" என்று குரல் கொடுத்தாள். பஹீஜா கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள்: "வந்தா உட்காரச் சொல்லு. எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

மினாரா குனிவது மோசூல்காரர்களுக்குப் புதிய சேதி ஒன்றும் இல்லை. சுல்தான் நூருத்தீன் சங்கி அதைக் கட்டி எண்ணூறு வருஷம் ஆகப்போகிறது. சதுரமான அடிப்பீடம், அதன்மேல் உருண்டையாக எழும்பும் செங்கல் உடம்பு, உடம்பைச் சுற்றி ஏழு பட்டைகள். ஒரு பட்டையில் இருக்கும் செங்கல் பின்னல் இன்னொன்றில் இருக்காது. கட்டியவன் எந்தப் பின்னல் நன்றாக இருக்கிறது என்று தீர்மானிக்க முடியாமல் ஏழையும் வைத்துவிட்டான் போலிருக்கிறது. உச்சியில் வெள்ளையாக ஒரு சின்னக் குவிமாடம். உள்ளே இரண்டு படிக்கட்டுகள் இரட்டைச் சடை மாதிரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஏறும். ஒன்றில் ஏறுகிறவனும் மற்றதில் ஏறுகிறவனும் உச்சிக்குப் போய்ச் சேரும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை. இத்தனை பெரிய வேலையைக் கட்டி முடித்துக் கொஞ்ச காலத்திலேயே அதற்குக் கூன் விழுந்துவிட்டது. பெயரே ஹத்பா, கூன் விழுந்தது. நபியவர்கள் விண்ணேறிப் போனபோது மரியாதைக்குக் குனிந்தது என்று முஸ்லிம்கள் சொல்வார்கள். காலக்கணக்கு கொஞ்சம் இடிக்கும். ஆனாலும் நல்ல கதையை யாரும் கணக்குப் பார்த்துக் கெடுத்துக்கொள்வதில்லை. அன்னை மர்யம் அடங்கிய இடம் அந்தத் திசையில் இருக்கிறது, அதைப் பார்த்து வணங்குகிறது என்று கிறிஸ்தவர்கள் சொல்வார்கள். காற்று அடித்துச் சாய்ந்தது என்பார்கள் பக்தாதில் படித்துவிட்டு வந்தவர்கள். மூன்று கட்சிக்காரர்களும் ஒரே தேநீர்க்கடையில் உட்கார்ந்து சண்டையில்லாமல் தாயம் உருட்டுவார்கள்.

அந்தப் பள்ளிவாசலில் இன்னொரு வழக்கமும் உண்டு. மினாராவில் ஏறிப் பாங்கு சொல்லும் மோதினார் பிறவிக் குருடராக இருக்க வேண்டும். உயரத்திலிருந்து பார்த்தால் மொட்டைமாடிகள் தெரியும், முற்றங்கள் தெரியும், அங்கே பெண்கள் தலைமுடி காயவைத்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் பெரியவர்கள் எப்போதோ செய்து வைத்த ஏற்பாடு. கண் தெரிந்த எவனும் மேலே கால் வைக்கக் கூடாது. செங்கல் பெயர்ந்தால் கொத்தனார் ஏறுவார். அவரும் முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்துவிட்டுத்தான் ஏறுவார். ஆகவே உச்சியிலிருந்து உண்மையில் என்ன தெரியும் என்பது தலைமுறை தலைமுறையாக ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் ஊரின் மானம் பத்திரமாக இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். பஹீஜாவின் காலத்தில் மோதினாராக இருந்தவர் முல்லா ஜர்ஜீஸ். "பார்க்காம இருக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். "இந்த ஊர்ல வேலையை ஒழுங்காச் செய்யறவன் நான் ஒருத்தன்தான்."

பஹீஜா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பக்தாதில் ராஜா புதிதாக வந்து உட்கார்ந்திருந்தார். அவள் புருஷன் யஹ்யா, ஆட்டுத்தோலை ஊதிக் கட்டிய தெப்பத்தில் வால்நட்டும் மாசிக்காயும் ஏற்றிக்கொண்டு திஜ்லா ஆற்றோடு பக்தாதுக்குப் போகிறவன். தெப்பம் ஆற்றோடு போகும், எதிர்த்துத் திரும்பி வராது. அங்கேயே தெப்பத்தின் மரச்சட்டத்தை விற்றுவிட்டு, தோலைச் சுருட்டிக் கழுதைமேல் போட்டுக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். ஒருமுறை தோல் மட்டும் திரும்பி வந்தது. யஹ்யா பக்தாதின் கர்க் பேட்டையில் ஒரு வெற்றிலைக்கொடி மாதிரியான பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான் என்று கழுதைக்காரன் வாசலில் நின்று, ஏதோ தானே தப்புச் செய்தவன் மாதிரி நெளிந்தபடி சொல்லிவிட்டுப் போனான். பஹீஜா அழுதாளா என்று உம்மு கானிம் பலகணி வழியாக வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. மறுநாள் மாமியார் வைத்துவிட்டுப் போன பெரிய செப்பு அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து வெளியே எடுத்தாள்.

அந்த வீட்டின் மொட்டைமாடிக்கு மொஹல்லாவிலேயே நல்ல வெயில். காலையில் ஆற்றுப் பக்கமிருந்து எழும் சூரியன் மாலையில் விழுகிறவரை அதை விட்டு நகராது. இலையுதிர் காலம் வந்தால் மோசூலில் கோதுமை அவிப்பார்கள். அவித்து, காயவைத்து, குத்தி, உடைத்துப் புர்குல் ஆக்கி வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். அது இல்லாமல் அந்த ஊரில் ஒரு கல்யாணமும் நடக்காது, ஒரு துக்கமும் தீராது. மொஹல்லாவின் பாதி வீட்டுக் கோதுமை பஹீஜாவின் அண்டாவில் வெந்து, அவள் மொட்டைமாடியில் காய்ந்தது. வெயில் முகம் தெரிந்து கிளறிக் கொடுக்க அவளைப் போல ஆள் கிடையாது. அந்த மாடிதான் அவளுக்கு வயல், புருஷன், பிள்ளை எல்லாம்.

புருஷன் திரும்பாத அடுத்த மாதம் மொஹல்லாவின் முக்தார் ஹாஜி தன்னூன் ஆள் அனுப்பினார். முக்தார் என்றால் அரசாங்கத்துக்கு மொஹல்லாவின் சார்பில் முத்திரை வைப்பவர். ஹாஜி தன்னூன் முத்திரை வைக்காத விஷயத்திலும் கருத்து வைத்திருப்பார். தனியாக இருக்கிற பெண் இடுப்பளவு சுவர் வைத்த மாடியில் நடமாடுவது நன்றாக இல்லை, ஆள் உயரத்துக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு. யார் செலவில் என்று பஹீஜா கேட்டாள். மானம் யாருடையதோ அவர் செலவில் என்று பதில் வந்தது. மோசூல்காரர்களின் கைச்சிக்கனம் இராக் முழுக்கப் பிரசித்தம். தீர்ப்பிலும் அதை விடுவதில்லை. கொத்தனார் உஸ்தா பெஹ்னாம் வந்து ஜிப்சம் கல்லும் சுண்ணமுமாகச் சுவரை ஆள் உயரத்துக்கு எழுப்பினார். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மினாரா அவள் வீட்டுப் பக்கமாக ஒரு சாண் குனிந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சரியாகச் சொன்னால் தோன்றியது, தலைகீழாகத் தோன்றியது.

குனிந்த மினாராவின் நிழல் மறுவருஷம் முதல் பஹீஜாவின் மாடியில் மட்டும் விழ ஆரம்பித்தது. காலையிலும் விழுந்தது, சூரியன் எதிர்ப்பக்கம் போன பிறகும் விழுந்தது. பக்கத்து மாடிகளில் வெயில் கொளுத்தும். அவள் மாடியில் மட்டும் பாகற்காய் மாதிரி நீளமாக ஒரு நிழல் படுத்துக் கிடக்கும். நிழல் அவளைத் தேடி வருகிறது என்று தேநீர்க்கடையில் பேச்சு வந்தது. அவளிடம் ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் கல்லும் செங்கல்லுமான ஒன்று எட்டிப் பார்க்குமா என்றார்கள். எட்டிப் பார்க்கிறவனை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கப்படுகிறவளிடம் காரணம் கேட்பது உலகம் பூராவும் உள்ள பழக்கம், மோசூலை மட்டும் குறை சொல்லக் கூடாது. சுவரை இன்னும் உயர்த்து என்று இரண்டாவது தீர்ப்பு வந்தது. பெஹ்னாம் வந்தார், உயர்த்தினார். மினாரா இன்னும் குனிந்தது. பஹீஜா அதற்குள் கோதுமையைப் பாயோடு இழுத்துக்கொண்டு நிழலுக்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு ஒடிந்திருந்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவித்த கோதுமை முளைத்தது. பச்சைக் கோதுமை ஈரத்தில் முளைக்கும், அது இயற்கை. கொதிக்கக் கொதிக்க வெந்த கோதுமை, பாதி காய்ந்த நிலையில், நிழலில் கிடந்து விரல் நீளம் வெளிறிய முளை விட்டது, அத்தனை முளையும் மினாராவின் பக்கம் தலை சாய்த்திருந்தன. கோதுமை கொடுத்தவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். உம்மு கானிம் மட்டும் முளையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, "இனிப்பாத்தான் இருக்கு, ஆனா கலியாணத்துக்கு இதை வச்சு எப்படிக் குப்பாப் பலகாரம் செய்யறது?" என்று கேட்டுவிட்டு, தன் மூட்டையை அடுத்த தெரு அண்டாவுக்கு எடுத்துப் போனாள். மூன்றாவது தீர்ப்பில் சுவர் கிணற்றுறை மாதிரி உயர்ந்தது. உள்ளே நின்றால் வட்டமாக வானமும், வானத்தின் நட்டநடுவில் மினாராவின் வெள்ளைத் தலையும் மட்டும்தான் தெரியும். முல்லா ஜர்ஜீஸ் வழக்கம்போல ஒரு கிண்ணம் வெந்த கோதுமை சாப்பிட வந்தபோது அவள் கேட்டாள்: "மேல போறவர் நீங்கதானே, கொஞ்சம் அதுக்குச் சொல்லக் கூடாதா?"

"சொல்லிப் பார்த்தேன் மகளே" என்றார் முல்லா. "வயசான கழுத்து, சொன்னா திரும்புமா? என் பொண்டாட்டி கழுத்தே திரும்பல."

சுவரால் ஆகாதது துணியால் ஆகும் என்று பிறகு முடிவாயிற்று. மோதினாருக்குக் கண் இல்லை; ஆனால் மினாராவுக்கு உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஜன்னல்கள். குற்றம் அங்கே இருக்கிறது என்று ஹாஜி தன்னூன் கண்டுபிடித்தார். ஜன்னல்களில் கம்பளிக் கந்தலைத் திணித்தார்கள். மொஹல்லாப் பெண்கள் கறுப்புத் துணியை நீள நீளமாகத் தைத்துக் கொடுத்தார்கள். முல்லா ஜர்ஜீஸ் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி, குவிமாடத்துக்குக் கீழே சுற்றி இறுக்கிக் கட்டினார். ஒரு குருடர் ஒரு கோபுரத்துக்குக் கண்ணைக் கட்டியதைப் பார்க்கத் தெருவே திரண்டிருந்தது. கண் கட்டப்பட்ட மினாரா, கண் தெரியாதவர்கள் எல்லோரும் செய்வதைப் போலக் காதைக் கொடுத்துக் கேட்க ஆரம்பித்தது. அதற்கு இன்னும் குனிய வேண்டியிருந்தது. அன்றிலிருந்து பாங்கு பஹீஜாவின் முற்றத்தில் மட்டும் விழுந்தது. முல்லா நெஞ்சு வெடிக்கக் கூவினாலும் அடுத்த வீட்டில் கேட்காது. அத்தனையும் தண்ணீர்க்குழாய் மாதிரி நேராக அவள் முற்றத்தில் இறங்கி, அண்டாவில் மோதி, உள்ளேயே சுற்றும். பக்கத்துப் பள்ளிவாசல்களின் பாங்கு கேட்டுத் தொழலாம்தான். ஆனால் அடுத்த மொஹல்லாவின் பாங்குக்கு எழுந்து போவது அடுத்த வீட்டுச் சட்டியில் கை விடுவது போல என்று நினைக்கிறவர்கள் அந்த மொஹல்லாக்காரர்கள். ஆகவே வேளைக்கு வேளை ஆட்கள் வந்து அவள் கதவைத் தட்டினார்கள்.

"பாங்கு சொல்லியாச்சா, பஹீஜா?"

"சொல்லியாச்சு. முற்றத்துல கிடக்கு. வந்து அள்ளிட்டுப் போங்க."

இந்தத் துடுக்குத்தான் ஹாஜி தன்னூனுக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் கம்பளி வியாபாரி, அவருடைய கிடங்கு பஹீஜாவின் பின்சுவரோடு ஒட்டியிருந்தது, இடம் போதவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம் போட்டு, பஹீஜா வீட்டைக் காலி செய்துவிட்டுத் தல் அஃபரில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விடுவதுதான் ஊருக்கும் மார்க்கத்துக்கும் கோபுரத்துக்கும் நல்லது என்று நாலு பேரைச் சொல்ல வைத்தார். மினாரா விழுந்தால் ஊர் பேர் போய்விடும், எண்ணூறு வருஷச் சொத்து, ஒரு பெண்ணுக்காக அதை விட முடியுமா என்று கேட்டார்கள். கேட்கும்போது பலருக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் மினாராவுக்கு.

பஹீஜா அபாயாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு முற்றத்து வாசலில் வந்து நின்றாள். மாவு பிசைந்த கையை அவள் கழுவியிருக்கவில்லை.

"குனிஞ்சது அது. எட்டிப் பார்த்தது அது. வெயிலை மறிச்சு என் கோதுமையைக் கெடுத்தது அது" என்றாள். "வீட்டை விட்டுப் போக வேண்டியவ நானா?"

"மினாராவை எங்கேம்மா அனுப்பறது?" ஹாஜி தன்னூன் பொறுமையாகச் சொன்னார், அந்தப் பொறுமையைப் பார்த்தாலே கை பரபரக்கும். "அது நூருத்தீன் நட்டு வச்சது. நீ யஹ்யா விட்டுட்டுப் போனவ."

யாரோ கிக்கிக் என்று சிரித்தார்கள். பஹீஜா சிரித்தது யார் என்று பார்த்து வைத்துக்கொண்டாள்.

"நான் மூணு தடவை சுவர் எழுப்பிட்டேன், ஹாஜி. ஒவ்வொரு தடவையும் நீங்க சொன்னீங்க, உஸ்தா பெஹ்னாம் கட்டினார், அது இன்னும் குனிஞ்சது. அது என்ன பார்க்குதுன்னு இங்க யாருக்காவது தெரியுமா? உங்கள்ல ஒருத்தராவது மேல ஏறிப் பார்த்திருக்கீங்களா?"

"ஏறிப் பார்க்க நாங்க என்ன குருடங்களா?" என்றார் ஹாஜி தன்னூன்.

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. தூணோரம் உட்கார்ந்திருந்த முல்லா ஜர்ஜீஸுக்கு உறைத்தது. அவர் வாயைத் தலைப்பாகை நுனியால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பஹீஜா அதற்குமேல் நிற்கவில்லை. கூட்டத்தின் நடுவே நேராக நடந்து போய், மினாராவின் அடியில் இருந்த தாழ்ந்த கதவைத் தள்ளி உள்ளே நுழைந்துவிட்டாள். ஒரு பெண், அதுவும் இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற பெண், நூருத்தீன் காலத்திலிருந்து முதல் தடவையாக அந்தப் படியில் ஏறினாள்.

தடுங்கள் என்று ஹாஜி கத்தினார். ஆனால் இருட்டுப் படிக்கட்டில் ஒரு பெண்ணின் பின்னால் ஏறுவது எந்தக் கௌரவமான ஆணுக்கும் அடுக்குமா? ஆகவே ஹாஜியும் இன்னும் இரண்டு பெரியவர்களும் மார்க்கத்துக்கு இசைவாக மற்ற படிக்கட்டில் ஏறினார்கள். இரண்டு படிக்கட்டும் உச்சிவரை சந்திக்காது என்பது பாதி தூரம் ஏறிய பிறகுதான் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. செங்கல் தடுப்புக்கு அந்தப் பக்கம் பஹீஜாவின் செருப்புச் சத்தம் அவர்களுக்கு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. "நில்லு" என்று ஹாஜி சுவரைப் பார்த்துச் சொல்வார். "நிக்கறதுக்கு இங்க இடமில்லை ஹாஜி" என்று சுவர் பதில் சொல்லும். கூன் தொடங்கும் இடத்துக்கு வந்ததும் படிகளும் கூனத் தொடங்கின. பெரியவர்களில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் அவருக்குத் துணையாக உட்கார்ந்தார்.

உச்சியில் காற்று அபாயாவைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. பஹீஜா அதைப் பல்லால் கடித்துக்கொண்டு, முதல் வேலையாகக் கறுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். முல்லா இறுக்கமாகத்தான் கட்டியிருந்தார். துணி பறந்து ஆற்றுப் பக்கம் போயிற்று. பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

மோசூல் முழுதும் தாம்பாளத்தில் எடுத்து வைத்த பலகாரம் மாதிரி திறந்து கிடந்தது. ஒவ்வொரு மாடியும், ஒவ்வொரு முற்றமும், ஒவ்வொரு கொடியும் தெரிந்தது. உம்மு கானிம் தன் மாடியில் அடுத்த வீட்டுப் பேச்சைக் கேட்கச் சுவரோடு சுவராகக் காதை ஒட்டி நிற்பது தெரிந்தது. கூட்டத்தில் சிரித்த ஆளின் பெண்டாட்டி கால்மேல் கால் போட்டு நார்கிலே புகைப்பது தெரிந்தது. பாத்திமாவோ ஜைனபோ, யாரோ ஒருத்தி ஈரத் தலையை வெயிலில் விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ நூற்றாண்டாகக் குருடரை ஏற்றி இறக்கிக் காப்பாற்றிய மானம் அத்தனையும் கீழே காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பஹீஜா தன் வீட்டைத் தேடினாள். நேர் கீழே, மினாராவின் முகவாய்க்கு அடியில், ஒரு வெள்ளைக் கல் உறை. அதற்குள் இருட்டு. அவ்வளவுதான். ஊரில் தெரியாத வீடு அது ஒன்றுதான். எல்லா வீடும் தெரிகிற ஒருவருக்கு ஒரே ஒரு வீடு மட்டும் தெரியாமல் போனால் எப்படி இருக்கும் என்பது சொல்லிப் புரிய வேண்டியதில்லை. யாருக்கும் கழுத்து நீளும். உம்மு கானிமுக்கு இரண்டே வாரத்தில் நீண்டிருக்கும். மினாரா பாவம், வருஷக்கணக்காகப் பொறுத்துப் பொறுத்து, ஒவ்வொரு சுவருக்கும் கொஞ்சம் என்று குனிந்திருக்கிறது.

பஹீஜாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மூன்று சுவரையும், முளைத்த கோதுமையையும், தேநீர்க்கடைப் பேச்சையும் நினைத்துக்கொண்டாள், சிரிப்பு போய்விட்டது. உள்ளங்கையால் செங்கல்லில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். செங்கல் சூடாக இருந்தது.

அப்போதுதான் ஹாஜி தன்னூன் மூச்சு இரைக்க மேலே வந்து சேர்ந்தார். வந்தவர் கீழே பார்த்தார். அவர் வீட்டு மாடிதான் முதலில் கண்ணில் பட்டது. அவர் பெண்டாட்டி ஹாஜியம்மா தலையில் துணியில்லாமல், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவருடைய நல்ல பட்டு மெத்தையைக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தாள். ஹாஜி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். "எல்லாரும் உள்ள போங்க" என்று கத்தினார். பலமாகத்தான் கத்தினார், ஆனால் அங்கேயிருந்து போடும் சத்தமெல்லாம் அப்போது பஹீஜாவின் முற்றத்தில்தானே விழும், ஒருவர் காதுக்கும் போகவில்லை.

"என்ன தெரியுது?" என்று பொத்திய கைக்குள்ளிருந்து கேட்டார். "இன்னும் அங்கேயேதான் நிக்கறாளா?"

"அங்கேயேதான். உங்க வீட்டுல இன்னிக்குக் கத்தரிக்காய் தோல்மா, ஹாஜி. உப்பு கம்மியான்னு இங்கேயிருந்து சரியாத் தெரியலை" என்றாள் பஹீஜா. "எல்லா வீடும் தெரியுது. என் வீடு ஒண்ணுதான் தெரியலை. அதுக்குத்தான் நீங்க என்னைத் துரத்தறீங்க."

பஹீஜா இறங்கி வந்தாள். வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். சுவரின் உச்சிக் கல் முற்றத்தில் விழுந்த சத்தத்தில் தெரு முழுக்கக் கூடிவிட்டது. தனியாக இருக்கிற பெண் மறைப்பை இடிக்கிறாள், உலகம் அழியப் போகிறது என்று ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். உஸ்தா பெஹ்னாமுக்கு மட்டும் வேறு வருத்தம்.

"அடிக்கற அடியைப் பார்த்து அடி தங்கச்சி, அது நான் எழுப்பின சுவரு" என்று கீழேயிருந்து கூவினார்.

"அதான் உஸ்தா, அதிகம் கஷ்டப்படாம விழுது."

ஊர் சிரித்தது. பெஹ்னாமும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். மூன்றாவது சுவர் போயிற்று, இரண்டாவது போயிற்று, பொழுது சாய்ந்து மக்ரிப் ஆவதற்குள் முதலாவதும் போயிற்று. இடுப்பளவுக்கு வந்ததும் பஹீஜா கடப்பாரையைச் சாத்திவிட்டு, கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு, தன் வேலையைப் பார்த்தாள். மறுநாள் முழுக்கவும் அப்படியே பார்த்தாள். துணி துவைத்தாள். வெங்காயம் உரித்தாள். முடியை அவிழ்த்துச் சிக்கெடுத்து மறுபடி பின்னினாள். மதியம் வாயைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் தூங்கினாள். குனிந்த மினாரா பார்த்துக்கொண்டே இருந்தது. மாலையானதும் அவள் அண்ணாந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "பார்த்தாச்சா? இதுக்கா இத்தனை வருஷம்? போ, வெயிலை விட்டுத் தள்ளி நில்லு."

மினாரா நிமிரவில்லை. அந்த வயதில் நிமிர்வது என்பது இல்லை. ஆனால் அன்றைய மக்ரிப் பாங்கு கடைத்தெருவரை கேட்டது. மறுநாள் காலையில் அதன் நிழல் பஹீஜாவின் மாடி விளிம்புவரை வந்து, ஆற்றுநீர் கல்லைச் சுற்றிக்கொண்டு போவதைப் போல வளைந்து, அந்தப் பக்கம் போய் விழுந்தது. அதன்பிறகு எப்போதும் அப்படித்தான் விழுந்தது. சில வருஷம் கழித்து அளவுச் சங்கிலியும் தூக்குக்குண்டுமாக வந்த எஞ்சினியர்கள், வெயிலில் ஒரு பக்கத்துச் செங்கல் அதிகமாக விரிவதாகவும், சுண்ணம் பலவீனமாக இருப்பதாகவும், காற்று ஒரே திசையில் அடிப்பதாகவும் எழுதிக்கொண்டார்கள். நிழல் ஏன் அந்த ஒரு மாடியைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று அவர்களில் இளையவர் கேட்டார். பஹீஜா வீடு அது என்று ஊரில் பதில் சொன்னார்கள். அவரும் சரி என்று தேநீரைக் குடித்தார்.

ஹாஜி தன்னூன் தல் அஃபர் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது. பார்க்காதவரை இருந்த நிம்மதி பார்த்தபின் போய்விட்டது. மாடியில் ஹாஜியம்மா நின்ற கோலம் கண்ணை மூடினால் வந்தது. அந்த வாரமே பெஹ்னாமைக் கூப்பிட்டுத் தன் வீட்டுச் சுவரை ஆள் உயரத்துக்குமேல் எழுப்பினார். உம்மு கானிம் வாசல் கழுவ வந்து அண்ணாந்து பார்த்த காலையில், மினாரா லேசாகத் தலையைத் திருப்பி ஹாஜி வீட்டுப் பக்கம் சாய்த்திருந்தது. ஒரு விரற்கடைதான். ஆனால் அன்றைக்கே கிடங்கின் கூரையில் காயப்போட்ட கம்பளியில் நிழல் விழுந்து, மாலைக்குள் கம்பளி முளை விட்டது.

மறுநாள் அஸருக்கு முன்னால் ஹாஜி தன்னூன் பஹீஜாவின் கதவைத் தட்டினார். தட்டிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்த்தார். உம்மு கானிம் பார்த்துக்கொண்டிருந்தாள். பஹீஜா கதவைத் திறந்து, அவர் கேட்பதற்கு முன்னாலேயே உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்து நீட்டினாள்.

"வேலை முடிஞ்சதும் மறக்காமத் திருப்பிக் குடுத்துடுங்க, ஹாஜி" என்றாள். "அடுத்த தெருவுலயும் கேட்டிருக்காங்க."

அந்த வருஷம் மொஹல்லாவில் புர்குல் நன்றாகக் காய்ந்தது.